நாலு வரியில் ஒரு மாப்பிள்ளை

காரைக்கால்
9.2.1997

ஈஜிபுராவின் பட்டத்தரசியும், பொம்மனஹள்ளி தையல் மிஷின்களுக்கெல்லாம் தலைவியும், மறைந்த என் அக்கா யசோதா பெற்ற ஒரே மகளுமான பாமாவுக்கு,

சோழ மண்டலக் கடற்கரை முழுவதையும் பஸ் டயரால் வென்று, சூரிய பகவானோடு நேருக்கு நேர் போரிட்டு, அந்தப் போரில் மூக்குத் தோலை மட்டும் பறிகொடுத்த உன் தாய்மாமன் ஜெயராமன் எழுதுவது.

கோவிந்தப்பா தன்னுடைய டூர் கம்பெனிக்கு என்னை இங்கே அனுப்பும்போது, "சீசன் முடியற வரைக்கும் அங்கயே இருங்க சார், கடல் காத்து, ரெஸ்ட் மாதிரி" என்று சொன்னதை நீயும் கேட்டாய். ரெஸ்ட் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், கேள். வாரம் ஒரு பஸ் பெங்களூரிலிருந்து வருகிறது. ஓட்டுவது நோயல். அவன் ஹாரன் அடித்தால் இலங்கையில் மாடு மிரளும். நான் பாண்டிச்சேரியில் ஏறிக்கொள்கிறேன். பாண்டி, சிதம்பரம், தரங்கம்பாடி, காரைக்கால், திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று ஒவ்வொரு ஊராக அவர்களை இறக்கி, எண்ணி, ஏற்றுகிறேன். அதற்கு மேல் பஸ் ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று தெற்கே போய்விடும். நான் காரைக்காலில் என் லாட்ஜ் அறைக்குத் திரும்பி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பேன்.

நம் பெங்களூர் ஜனங்களைப் பற்றி என்ன சொல்ல. கடற்கரை என்றால் காற்று, காற்று என்றால் சளி என்று கணக்குப் போட்டு, வந்தவர்களில் பாதிப் பேர் ஸ்வெட்டர், மீதிப் பேர் மங்கி குல்லா. பாண்டிச்சேரி மணலில் ஒரு பெரியவர் குல்லாயும் மஃப்ளருமாக இறங்கினார். பத்து நிமிடத்தில் அவர் தலையிலிருந்து ஆவி கிளம்பியதைப் பார்த்து, கப்பல் வருகிறது என்று மீனவர்கள் கரைக்கு ஓடி வந்தார்கள். பாண்டியில் வெள்ளைக்காரன் போட்ட தெருக்கள் அவ்வளவு நேர். ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் நிற்கும் போலீஸ்காரர் தன் சிவப்புத் தொப்பியைப் பிடித்துக்கொள்கிறார். தரங்கம்பாடியில் டென்மார்க்காரன் கட்டின கோட்டை ஒன்று கடலைப் பார்த்தபடி நிற்கிறது. பக்கத்தில் ஒரு சிவன் கோயிலைக் கடல் பாதி சாப்பிட்டுவிட்டு, மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறது.

எல்லாம் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அதே காட்சியை வாராவாரம், அதே வெயிலில், அதே வார்த்தைகளில் காட்டுகிறவனுக்குக் கண் கொஞ்சம் நிறைந்துவிடுகிறது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் கால் இரண்டும் என்னுடையதுதானா என்று சந்தேகம் வருகிறது.

இதைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும் மச்சானுக்கும், காதை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டியிருக்கும் ருக்குமணி அம்மாளுக்கும் என் வணக்கங்கள்.

உன் மாமன்,
ஜெயராமன்

*

ஈஜிபுரா, பெங்களூர்
23.2.1997

மாமா,

கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டபின் வழக்கம்போல் படித்துக் காட்டினேன். அப்பா கன்னட ஸ்கூலில் படித்தவர், ருக்கு அத்தை எந்த ஸ்கூலிலும் படிக்காதவர். உங்கள் தமிழைப் படிக்க இந்த வீட்டில் நான்தான் இருக்கிறேன். மங்கி குல்லா இடத்தில் அத்தைக்குப் புரையேறிவிட்டது. அப்பா கண்ணைத் திறக்காமல், "ஜெயராமன் சொன்னா பத்துல ஒண்ணு எடுத்துக்கணும். பாதிப் பேர் குல்லான்னா ஒருத்தர் போட்டிருப்பாரு" என்றார். உங்கள் எல்லாக் கடிதத்துக்கும் அவரிடம் இந்த ஒரு கணக்குத்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு என்னைப் பார்க்க வந்தார்கள். சந்தாபுராவில் இருக்கும் தன் சித்தி வீட்டுக்கு வந்தவர், அம்மாவோடு இங்கேயும் வந்தார். பெயர் சாமிநாதன். நீங்கள் எழுதினீர்களே, அதே தரங்கம்பாடிக் கோட்டையில் டிக்கெட் கொடுக்கும் வேலை. வீட்டில் அம்மாவும் அவரும் மட்டும்தானாம். அப்பா உங்களை அங்கே விசாரித்து எழுதச் சொல்கிறார். நீங்கள் வாராவாரம் அந்த வாசலுக்குப் போகிறவராயிற்றே.

இதற்கு மேல் நானாக எழுதுவது. எனக்கு முப்பது ஆகப் போகிறது. காலையிலிருந்து காலர் தைக்கிறேன், வீட்டுக்கு வந்து சமைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமையானால் புடவை மாற்றிக்கொண்டு காபித் தட்டு தூக்குகிறேன். இதுவரை வந்தவர்கள் கேட்ட கேள்விகளை எழுத எனக்குத் தெம்பில்லை. இவர் ஒன்றுதான் கேட்டார். "நாள் பூரா மிஷின்ல குனிஞ்சே உக்காந்தா முதுகு வலிக்காதா?" வலிக்கும் என்றேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான் பேச்சு. பிடித்திருக்கிறது என்று எழுத மாட்டேன். பிடிக்காமல் இல்லை.

ஆனால் ஒருவரை ஒருநாள் பார்த்து, எனக்கு ஒருவரையும் தெரியாத ஊருக்கு, நான் கண்ணால் பார்த்தே இராத கடலுக்குப் பக்கத்தில் போய் இருக்க வேண்டும். அதனால் கேட்கிறேன். இந்த ஒரு தடவை மட்டும் யானை, கப்பல், போர் எதுவும் வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நல்லவர் என்றால் நல்லவர். இல்லை என்றால் இல்லை. நீங்கள் எழுதுவதை வைத்துத்தான் நான் முடிவு செய்ய வேண்டும்.

பாமா

*

காரைக்கால்
5.3.1997

பாமாவுக்கு,

உன் கட்டளை கிடைத்தது. நோயலிடம் ஹாரனைக் கழற்றிக் கொடு என்றால் எப்படி விழிப்பானோ அப்படி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதுவரை இந்த நாக்கை நம்பியே வாழ்ந்தவன். ஃபாக்டரியில் எனக்கு வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பினபோது மேனேஜர் அழுதார் என்று நான் சொன்னதை நம்பித்தான் கோவிந்தப்பாவே என்னை வேலைக்கு எடுத்தார். (மேனேஜருக்கு அன்று ஜலதோஷம்.)

இருந்தாலும் சொல்கிறாய், செய்கிறேன். போன வாரம் கோட்டைக்குள் கூட்டத்தோடு போய்வந்தேன். ஆளை வரிசையில் நின்றபடி பார்த்தேன். நான் யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் எல்லோரும் சட்டையை மாற்றிக்கொண்டுதான் பேசுவார்கள். அடுத்த வாரம் பஸ்ஸை அனுப்பிவிட்டு நான் மட்டும் தங்கி, ஊருக்குள் நாலு பேரிடம் விசாரிக்கிறேன். அவன் எப்படி இருந்தான் என்று இப்போதே எழுத ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே டென்மார்க் ராஜா வந்துவிட்டார். கிழித்துப் போட்டுவிட்டேன்.

முழங்கால் வீங்கியிருக்கிறது. மத்தளம் அளவுக்கு என்று எழுதத்தான் கை போகிறது. எலுமிச்சம்பழம் அளவுக்கு. பார், பழகிக்கொண்டிருக்கிறேன்.

மாமா

*

காரைக்கால்
14.3.1997

பாமாவுக்கு,

பையன் நல்லவன். குடி, சீட்டாட்டம் கிடையாது.
கோட்டையில் வேலை செய்வது உண்மை. வீடு சிறியது, ஓட்டு வீடு.
தாயார் ஒருவர்தான். நல்ல மாதிரி.
கல்யாணம் செய்யலாம்.

ஜெயராமன்

*

ஈஜிபுரா
30.3.1997

மாமா,

கல்யாணம் நின்றுவிட்டது.

உங்கள் கடிதம் வந்த வாரம் ஞாயிறன்று அப்பாவும் அத்தையும் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். நான் படித்தேன். அப்பா, "மீதியப் படி" என்றார். அவ்வளவுதான் என்றேன். காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் எதையோ விழுங்கிவிட்டேன் என்று சந்தேகம். அதை எடுத்துக்கொண்டு மாடி வீட்டு சீனிவாசராகவன் சாரிடம் போனார். சார் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ரேடியோ நியூஸ் மாதிரி அதே நாலு வரியைக் கணீரென்று படித்துக் காட்டினாராம். அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் நிஜமாகப் பயந்தார்கள்.

அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "இன்னாடி இது, பஸ் பஞ்சர் ஆனதையே ரெண்டு பக்கம் எழுதறவன், மாப்ளயப் பத்தி நாலு வரில எழுதிக்கீறான்? வாயத் தொறந்தா வந்துடும்னு பயந்து மூடிக்கீறான்" என்றார். அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பியது. மாப்பிள்ளைக்கு நெஞ்சில் நோய் இருக்கும் என்றார். இன்னொரு பெண்டாட்டி இருப்பாள் என்றார். ஜெயிலுக்குப் போய் வந்திருப்பார் என்றார். உங்களிடம் அப்படி எழுதச் சொல்லிக் கேட்டதே நான்தான் என்று சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளை மேல் ஆசையில் பேசுகிறேன் என்று முடித்துவிட்டார்.

அப்பா கத்தவில்லை. காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஜெயராமன் பொய் சொல்ற வரைக்கும் எனக்கு பயம் இல்லம்மா. அதுல பத்துல ஒண்ணு எடுத்துக்கத் தெரியும். நாலு வரில எதை எடுத்துக்கறது?"

மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கோட்டைக்கு எதிரே இருக்கும் கடைக்குப் போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் அப்போது ஃபாக்டரியில் இருந்தேன். எக்ஸ்போர்ட் ஆர்டர், டார்கெட் முடியாமல் ஒருவரையும் விடவில்லை. வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்து, அத்தை ரசம் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்டபடிதான் நீங்கள் எழுதினீர்கள். உங்கள் மேல் கோபப்பட எனக்கு வழியே இல்லை. அதனால்தான் இவ்வளவு களைப்பாக இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த நாலு வரியை முதலில் தனியாகப் படித்தபோது நானும் கொஞ்சம் பயந்தேன்.

பாமா

*

காரைக்கால்
9.4.1997

பாமா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வார பஸ்ஸை ஏற்றி இறக்கிவிட்டேன். என்ன சொன்னேன், யாருக்குச் சொன்னேன், எதுவும் ஞாபகமில்லை. சிதம்பரம் கோயிலில் நின்று டென்மார்க்காரன் கட்டினது என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஒருவரும் மறுக்கவில்லை. அவர்களுக்கும் அவ்வளவு களைப்பு.

நாலு வரியில் அடக்கினேன். அடக்கியதில் உயிர் போய்விட்டது என்று இப்போதுதான் தெரிகிறது. பார்த்ததை எழுதுகிறேன். இதை நீ அவர்களுக்குப் படித்துக் காட்டினாலும் சரி, அடுப்பில் போட்டாலும் சரி.

முதல் முறை கூட்டத்தோடு வரிசையில் நின்றேன். நம் ஆள் ஒருவர், குல்லாய்க்காரர்தான், இடிந்த கட்டடத்துக்கு எதற்கு டிக்கெட் என்று சாமிநாதனிடம் சண்டை பிடித்தார். அவன், வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து நின்னு திட்டுங்க என்று கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டான். அவர் உள்ளே வந்தார். திட்டுவதற்கு அப்புறம் ஒன்றும் மிச்சமில்லை. சமர்த்தாக டிக்கெட் வாங்கிக்கொண்டார். பையன் சிரிக்கக்கூட இல்லை.

இரண்டாம் முறை ஊருக்குள் விசாரித்தேன். டீக்கடையிலும் தபாலாபீசிலும் நல்ல பையன் என்றார்கள். சர்ச்சுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், அவன் பேசி முடிக்கிறதுக்குள்ள நமக்குத் தூக்கம் வந்துடும் சார் என்றார். மெதுவாகப் பேசுகிறவன். ஊரில் அவன் மேல் இருக்கும் பெரிய புகார் அதுதான்.

குறைகளையும் எழுதிவிடுகிறேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எந்த வருஷம் ஆகும் என்று அவனுக்கே தெரியாது. அம்மாவுக்கு இடது காது கேட்காது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிதண்ணீர் தெருக் குழாயில்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த ஊரில் நடமாட்டமே கிடையாது. காற்று மட்டும் தெருவில் போய்வந்துகொண்டிருக்கும். உனக்கு அங்கே தையல் வேலை கிடைக்குமா என்று தெரியவில்லை. இதையெல்லாம் ஏன் அன்றைக்கே எழுதவில்லை என்று கேட்பாய். நல்லவன் என்று எழுதினபின் அதற்குக் கீழே உப்புத் தண்ணீரைப் பற்றி எழுதினால் பெரிதாக்குகிறேன் என்று நினைப்பாயோ என்று விட்டுவிட்டேன்.

நேற்று மறுபடி போனேன். எல்லோரும் உள்ளே போனபின் நின்று, நான்தான் பெண்ணின் தாய்மாமன் என்றேன். உட்காரச் சொன்னான். மண்பானைத் தண்ணீர் கொடுத்தான். நான் நம் பக்கம் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்து எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தேன். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"வேணாம்னு அவங்க சொன்னாங்களா, வீட்ல சொன்னாங்களா?"

வீட்டில் என்றேன்.

"அப்ப சரிங்க" என்றான். அதற்குள் ஒரு குடும்பம் வந்துவிட்டது, டிக்கெட் கிழிக்கப் போய்விட்டான். அந்த 'அப்ப சரிங்க' எந்தச் சரி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பாமா, ஒரு வார்த்தை சொல். அடுத்த ஞாயிறு படிக்கிற மாதிரி ஒரு கடிதம் எழுதுகிறேன். கோட்டையையே அவன் பெயருக்கு எழுதி வைக்கிறேன். வாசலில் இரண்டு யானை, பின்னால் அவனுக்குச் சொந்தமாக ஒரு கடல். மச்சான் பத்தில் ஒன்று எடுத்துக்கொண்டாலும் மாப்பிள்ளை தேறிவிடுவான். இல்லை என்றால் நானே வந்து மச்சான் காலில் விழுந்து பேசுகிறேன். முழங்கால் மடங்காது, பக்கவாட்டில்தான் விழ வேண்டும்.

மாமா

*

ஈஜிபுரா
22.4.1997

மாமா,

யானை வேண்டாம்.

உங்கள் கடிதத்தை நான் படித்துக் காட்டவில்லை. மாமாவுக்கு முழங்கால் வலியாம், வெயிலாம் என்று சொல்லி மடித்து வைத்தேன். அப்பாவும் கேட்கவில்லை. அந்த ஞாயிறுக்கப்புறம் இந்த வீட்டில் கடிதம் படிக்க உட்காருவதே நின்றுவிட்டது.

நீங்கள் எழுதினதை நான் மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். உப்புத் தண்ணீரை நம்ப முடிகிறது. காது கேட்காத அம்மாவை நம்ப முடிகிறது. கதவைத் திறந்து, உள்ளே வந்து திட்டச் சொன்னார் என்கிற இடம் வரும்போது, இது நடந்ததா, மாமா நடத்தினதா என்று ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. என்னை மன்னியுங்கள். உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது வேறு விஷயம்.

இங்கே ஒரு மாற்றம். எனக்கு வரன் தட்டிப்போவதற்கெல்லாம் சனிதான் காரணம் என்று அத்தை கண்டுபிடித்திருக்கிறார். திருநள்ளாறுக்குப் போய்க் குளத்தில் முழுகி எள்விளக்கு போட்டால் நல்ல வரன் வருமாம். கோவிந்தப்பாவின் கடைசி பஸ் மே நாலாம் தேதி கிளம்புகிறது. அத்தைக்கும் எனக்கும் சீட் போட்டாயிற்று. அப்பா சரி என்றுவிட்டார். வேறு வரன் கிடைக்க என்னை அனுப்புகிறார்கள். அந்த பஸ் வழியில் எங்கெல்லாம் நிற்கும் என்று நீங்கள் எழுதியிருந்தது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் சொல்லவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் அதற்கு முன்னால் பெங்களூருக்கு வந்துவிடுங்கள். முழங்காலைக் காரணம் சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. அந்த பஸ்ஸில் நீங்கள் இருந்தால், கடலைக்கூட நீங்கள் சொல்கிறபடிதான் நான் பார்ப்பேன். நல்லது கெட்டது எதுவானாலும் இந்த ஒரு தடவை நானே பார்த்துவிடுகிறேன்.

உங்கள் அறையைப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைக்கிறேன். சாவி மாடி வீட்டில்.

பாமா

*

வேளாங்கண்ணி
7.5.1997

மாமா,

நீங்கள் வந்து சேர்ந்திருப்பீர்கள். முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவுங்கள், ஷெல்ஃபில் வைத்திருக்கிறேன். இதை ஸ்பீட் போஸ்டில் போடுவதாக நோயல் அண்ணன் சொல்லியிருக்கிறார். பஸ் நாளைக் காலை ராமேஸ்வரம் கிளம்புகிறது.

கடல் பார்த்தேன். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது, உட்கார ஒரு நிழல் கிடைத்தால் போதும் என்றிருந்தது. பாண்டிச்சேரியில் எல்லோரும் தண்ணீருக்கு ஓடினார்கள், நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் அது நிற்கவே இல்லை என்று கவனித்தேன். எங்கள் ஃபாக்டரியில் சாப்பாட்டு மணிக்கு எல்லா மிஷினும் ஒன்றாக நிற்கும். காது அடைத்த மாதிரி இருக்கும். இது நிற்காமலே சத்தம் போடுகிறது, ஆனால் களைப்பாக இல்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நேற்று மத்தியானம் தரங்கம்பாடி. நல்ல வெயில். ஊர் வாசலில் பெரிய வளைவு, நேர் தெரு, கடைசியில் கோட்டை. அத்தை கோட்டையைப் பார்த்ததுமே என் கையைப் பிடித்துக்கொண்டார், புரிந்துவிட்டது. "பாமா, இது அந்த ஊர்தானே?" என்றார். ஆமாம் என்றேன். என்னைத் திட்ட வாயைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். செருப்பைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். பாதம் வெந்துபோய், வெயிலில் மயக்கம். வாசலில் இருந்தவர் எழுந்து வந்தார். அவர்தான். என்னைப் பார்த்தார். இன்னொருவரை டிக்கெட்டுக்கு உட்கார வைத்துவிட்டு, அத்தையை ஒரு நாற்காலியில் உட்கார்த்தித் தூக்க நோயல் அண்ணனைக் கூப்பிட்டார். பின்தெருவில்தான் வீடு.

வீடு நீங்கள் எழுதினதைவிடச் சிறியது. உப்புத் தண்ணீரும் உண்மை. அவர் அம்மா, வந்தது யார் என்று தெரிந்தும் ஒரு கேள்வி கேட்காமல், அத்தையின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தண்ணீர் விட்டார். அத்தை ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தார், எல்லாம் அந்தக் கேட்காத காதுப் பக்கம். பிறகு அங்கேயே தரையில் தூங்கிவிட்டார். அத்தை பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுந்ததும் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது இதுதான்: "இந்த வீட்ல குறை சொல்ல ஒண்ணும் ஆம்புடலயேடி." ரொம்ப ஏமாற்றமாகத்தான் சொன்னார்.

அத்தை தூங்கின நேரத்தில் அவரும் நானும் வாசல்படியில் பேசினோம். மெதுவாகத்தான் பேசுகிறார், சைக்கிள் கடைக்காரர் சொன்னது சரி. எனக்கு அது கஷ்டமாக இல்லை. இங்கே எனக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றார். உங்கள் வேலை நிரந்தரமாகுமா என்றேன். அதுவும் தெரியாது என்றார். காரைக்காலில் ஒரு தையல் யூனிட் இருப்பதாகக் கேள்வி, போய் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அப்புறம் நான் கேட்காமலே ஒன்று சொன்னார்.

"போன்ல வேணாம்னாங்க. நான் நேர்ல வந்து ஒரு தடவ கேட்டிருக்கணும். நீங்க வேணாம்னு சொல்லலன்னு தெரிஞ்ச பிறகாவது வந்திருக்கணும். வரல. அது என் தப்பு."

இப்ப வாங்க என்றேன். மாமா, நான் அப்படிச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை.

பஸ் கிளம்பும்போது அத்தை ஜன்னல் வழியாக அந்த அம்மாவிடம் தன் தைலப் புட்டியைக் கொடுத்துவிட்டார். இன்று திருநள்ளாற்றில் முழுக்கும் போட்டாயிற்று. எள்விளக்கு ஏற்றும்போது எதற்கு வேண்டிக்கொள்வது என்று அத்தைக்குக் குழப்பமாகிவிட்டது. நீயே ஏதாவது வேண்டிக்கோ என்றுவிட்டார்.

சாமிநாதன் சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூர் பஸ் ஏறுகிறார். ஞாயிறு காலை கலாசிபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவார். நான் அப்போது கன்னியாகுமரியில் இருப்பேன். அதுவும் நான் யோசித்துச் செய்ததுதான். நான் வீட்டில் இருந்தால் அப்பா என் முகத்தைப் பார்த்தே பேசுவார், அவரைப் பார்க்க மாட்டார்.

முழங்கால் வலியோடு உங்களை அலைய வைக்கிறேன். ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை கலாசிபாளையம் போய் அவரை அழைத்து வாருங்கள். வரும் வழியில் அப்பாவைப் பற்றி எதுவும் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். வீட்டுக்குள் கூட்டிப்போய் அப்பாவுக்கு எதிரில் உட்கார வையுங்கள். இவர்தான் சாமிநாதன் என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் வெளியே வந்துவிடுங்கள், மாமா. தெருமுனையில் டீ குடியுங்கள். மெதுவாகக் குடியுங்கள்.

பாமா